பட்டிக்கெல்லாம் ஒரே மருந்து

"ஏன்டி அம்மிணிகளா, வேலை கத்துக்க வந்தீங்களா, வாயப் பாக்க வந்தீங்களா? புண்ணுக்குக் கட்டு எப்படிப் போடறதுன்னு ஒருத்தியும் கேக்கல. இந்த ஆயாம்மா எதுக்கு எல்லா மாமியாரையும் எடை மிஷினுக்குத் தொரத்துனாங்கன்னு மட்டும் நாலு பேரும் கேக்கறீங்க! அது உங்களுக்கு எதுக்கு? உங்க மாமியாருக்கு எடை குறைஞ்சு போச்சா?"

போன வாரம் கிளினிக் பக்கம் வந்தபோது உங்களை இப்படித்தான் திட்டினேன். புதிதாகச் சேர்ந்த நீங்கள் நான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். திட்டினால் சிரிக்கிற பெண்களிடம் ஒன்றையும் மறைக்க முடியாது. அதனால் சொல்கிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி நாள் எருமை மேய்த்தேன். நான் சொல்லச் சொல்ல என் பேத்தி ஒழுங்கான தமிழில் எழுதுகிறாள். என் வாயில் வரும் கெட்ட வார்த்தைகளை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறாள். அவை இல்லாமல் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அஸ்தம்பட்டியில் நம் கிளினிக் அப்போது ஓட்டுக் கட்டடம். டாக்டர் ஐயா உள்ளே பார்ப்பார். கம்பவுண்டர் மாத்திரையை எண்ணிக் கவரில் போடுவார். அந்தக் கவரை ஜன்னல் வழியாகக் கொடுத்து, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று ஊர்ப் பாஷையில் சொல்வது என் வேலை. மேச்சேரி, ஓமலூர்ப் பக்கத்து ஜனங்களுக்குக் கம்பவுண்டர் பேசுவது புரியாது. நான் பேசினால் புரியும். புரிவது மட்டுமில்லை, சிரிப்பார்கள். "இதைப் போட்டும் காச்சல் போகலேன்னா காச்சலை எங்கிட்டக் கூட்டியாங்க, நான் பேசிக்கறேன்" என்பேன். அழுதுகொண்டு வந்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இந்தக் கதையே அந்தத் தலைக்கனத்தில்தான் தொடங்குகிறது.

மேச்சேரிக்குப் பக்கத்திலிருந்து பாவாயி என்ற அம்மாள் வந்தார். பட்டி நிறைய செம்மறி ஆடு வைத்திருந்தவர். புருஷன் இல்லை. ஒரே மகன், லாரி ஓட்டுகிறவன். அவன் வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். வீட்டில் மாமியாரும் மருமகளும்தான். பாவாயிக்கு நெஞ்செரிச்சல். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் ஏறி வரும். எத்தனை மோர் குடித்தும் கேட்கவில்லை. டாக்டர் ஐயா பரிசோதித்துப் பார்த்து, அப்போது புதிதாக வந்திருந்த ஒரு மாத்திரையை ஒரு மாதத்துக்கு எழுதினார். சாப்பிட்டவுடன் படுக்கக் கூடாது, மாதம் முடிந்ததும் திரும்பி வர வேண்டும் என்றார்.

ஜன்னலுக்கு வந்த பாவாயி கவரை வாங்கவே பயந்தார்.

"ஏனுங்க ஆயாம்மா, புது மாத்திரைங்கறாரு. ஒண்ணும் பண்ணிப் போடாதுங்களே?"

"அட, நீங்க ஒண்ணு! இது மிட்டாய் மாதிரிங்க அக்கா. ஊட்டுல இருக்கறவங்க ஆளுக்கொண்ணு போட்டுக்கிட்டாலும் ஒண்ணும் ஆவாது. சீக்கிரம் தீந்துருமேங்கற வெசனம் ஒண்ணுதான்!"

பாவாயி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்குச் சோறு கூட ருசியாக இருந்தது. அந்த மாத்திரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டும். நிறம் தெரியும். அவ்வளவுதான்.

மாதம் முடிவதற்குள் பாவாயி திரும்பி வந்தார். தனக்காக வரவில்லை. மருமகள் மல்லிகாவை இடுப்போடு அணைத்துப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருக்கும். கல்யாணமாகி ஒரு வருஷம் கூட ஆகவில்லை. கால் ஒரு பக்கம் போனால் உடம்பு இன்னொரு பக்கம் போயிற்று. கண் பாதி மூடியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். ஒரு பெரியவர், "காலங்காத்தாலயேவா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிச் சிரித்தார்.

பாவாயிக்கு மூச்சு இரைத்தது.

"ஆயாம்மா, நாலு நாளா இப்படித்தானுங்க. மொதல்ல தூங்கித் தூங்கி உழுந்தா. அப்பறம் கொடத்தைப் போட்டு ஒடைச்சா. நாக்குக் கொளறுது. ஒரு ஆட்டைப் பாத்து ரெண்டு ஆடுங்கறா. நேத்திருந்து வாந்தி. பக்கத்தூட்டுக்காரி வந்து இவ வாயை மோந்து பாக்கறா சாமி! எம்மருமவ வாயை! வாந்திக்கு ஒரு ஊசி மட்டும் போட்டு உடுங்க. பதினோரு மணி பஸ்ஸுக்குப் போனா மந்திரிக்கிறவரைப் பாத்துப் போடலாம். கெணத்தடியில எதையோ பாத்துப் பயந்துட்டாளாட்டம் இருக்குது."

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். சாராய வாடை இல்லை. ஆனால் ஓரமாகப் பார்க்கச் சொன்னபோது அவள் கண்மணி இரண்டும் நிற்காமல் ஆடின. அப்படி ஆடுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மாத்திரை ஏதாச்சும் போட்டாளா?"

"என்ர மாத்திரைதானுங்க," என்றார் பாவாயி. பெருமையாகத்தான் சொன்னார். "எனக்குப் பத்து நாள்ல எரிச்சல் நின்னு போச்சு. இவளும் நெஞ்சு எரியுதுன்னா. மிச்சத்தை இவளுக்குக் குடுத்தேன். நீங்கதானே ஊட்டுல எல்லாரும் போட்டுக்கலாம்னீங்க? ஒரு ஆட்டுக்குக் கழிச்சல்னா நாங்க பட்டிக்கே மருந்து ஊத்துவோம். அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன்."

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மிட்டாய் என்று சொன்ன அதே நாக்கு.

உண்மையைச் சொல்கிறேன், பெண்களே. முதலில் எனக்குத் தோன்றியது அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வேண்டும் என்பது அல்ல. பதினோரு மணி பஸ்ஸில் இவர்கள் போய்விட்டால் நான் சொன்னது யாருக்கும் தெரியாது என்பதுதான். வாந்திக்கு ஒரு ஊசி போடவைத்து அனுப்பினால் கதை முடிந்தது. வேலைக்கு வந்த நாளிலிருந்து நான் செய்த எந்தத் தப்பும் அந்த ஒரு நிமிஷம் நினைத்தது போல் என்னைச் சுடவில்லை.

ஆனால் அந்தப் பெண்ணின் கையைப் பார்த்தேன். நிற்க முடியாமல் ஆடுகிறவள் சுவரைப் பிடிப்பாள், ஆளைப் பிடிப்பாள். இவள் இடுப்பில் செருகியிருந்த சேலை முடிச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாத்திரை என்ற வார்த்தை வந்தபோது அந்தப் பிடி இன்னும் இறுகியது.

டாக்டர் ஐயா உள்ளே ஒரு விபத்துக் கேசுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். கால் மணியாவது ஆகும். பஸ்ஸுக்கு அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருந்தது.

"அக்கா, எடை பாக்காம டாக்டரு ஊசி போட மாட்டாரு," என்றேன்.

"அப்ப இவளை நிறுத்துங்க."

"இவ நின்னாத்தானே? மாத்திரை உங்களுது. உங்க எடைதான் மொதல்ல வேணும். வராந்தாக் கடைசியில மிஷின் இருக்குது. ஒரு தடவை ஏறுனா பொய் சொல்லும். மூணு தடவை ஏறி எறங்கிப் பாருங்க. செருப்பைக் கழட்டிட்டு."

பாவாயி போனார். நான் மல்லிகாவைத் திரைக்குப் பின்னால் கட்டிலில் உட்கார வைத்தேன்.

"முடிச்சுல என்ன கண்ணு?"

"ஒண்ணும் இல்லீங்க." நாக்கு குழறியது.

"எம்மாமியாருக்குத் தெரியாம நானும் ஒண்ணை முடிஞ்சு வச்சிருந்தேன். அஞ்சு வருசம். என்னன்னு சொல்லு பாக்கலாம்?"

அவள் தலையை ஆட்டினாள்.

"மூக்குப்பொடி. கெழவி எம்மேல பொடி வாசம் வந்தப்பெல்லாம் தன்னோடதுன்னே நெனச்சுக்கிட்டா. அவளும் ஒளிச்சு வச்சுப் போட்டுக்கிட்டுதான் இருந்தா!"

சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே துணியில் சுற்றி மாத்திரைகள். பன்னிரண்டு வயதிலிருந்து வலிப்பு. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட்டு வந்ததில் ஐந்து வருஷமாக வரவே இல்லை. கல்யாணத்தின்போது அவள் வீட்டில் சொல்லவில்லை. அம்மா மாசாமாசம் வாங்கி, மஞ்சள் தூள் டப்பாவில் வைத்துக் கொடுத்தனுப்புவாளாம்.

"அத்தைக்குத் தெரிஞ்சா எங்கம்மா ஊட்டுலயே கொண்டாந்து உட்டுப் போடுவாங்க. சொல்லிப் போடாதீங்க. உங்களைக் கும்புட்டுக்கறேன்."

"கூட ஏதாச்சும் போட்டியா?"

"கிறுகிறுன்னு வந்துச்சுங்களா... வலிப்பு வரப் போகுதுன்னு பயந்து நேத்தும் முந்தா நாளும் ரெண்டு ரெண்டாப் போட்டேன். இனிமே எல்லாத்தையும் நிறுத்திப் போடறேன். ரெண்டு மாத்திரையும் வேண்டாம்."

'ஆமா கண்ணு, தூக்கி எறி' என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. திறந்த வாயை மூடினேன். மிட்டாய் என்று சொன்னதும் தெரிந்து சொல்லவில்லை, இப்போது நிறுத்து என்று சொன்னாலும் தெரிந்து சொல்வதாக இருக்காது. தெரியாத விஷயத்தில் தைரியம் சொல்வதும் தப்பு, பயம் காட்டுவதும் தப்பு. நான் எழுந்து போய், யாரும் போகக் கூடாத தையல் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

டாக்டர் ஐயா நிமிர்ந்து பார்த்தார். நான் அவர் காதருகே எல்லாவற்றையும் சொன்னேன். மிட்டாய் கதையையும் சேர்த்துத்தான். அதை விட்டுவிட்டுச் சொல்ல ஒரு வழி இருந்தது. ஆனால் எந்த மாத்திரை, எத்தனை நாளாக என்று அவருக்குத் தெரிய வேண்டுமானால், அது எப்படி அவள் வாய்க்குப் போயிற்று என்பதும் தெரிய வேண்டுமே!

அவர் திட்டவில்லை. மூன்று கேள்வி கேட்டார். கடைசி இரண்டு தையலைப் போட்டு முடித்துவிட்டு நேராகக் கட்டிலுக்கு வந்தார். கண்ணைப் பார்த்தார், மூக்கைத் தொடச் சொன்னார், நடக்கச் சொன்னார். பிறகு மல்லிகாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"உனக்கு வலிப்பு வரலம்மா. பேயும் பிடிக்கல. நீ போடற வலிப்பு மாத்திரை உடம்புக்குள்ள வர்ற விருந்தாளி, ஒறம்பரை மாதிரி. தினமும் ஒருத்தர் வருவாரு, வேலைய முடிச்சுட்டுப் போயிருவாரு. உங்க அத்தை குடுத்த மாத்திரை என்ன பண்ணுச்சு, வாசக் கதவைச் சாத்திக்கிச்சு. வந்த ஒறம்பரை வெளிய போக முடியல. தினமும் புதுசா வேற ஆளு வர்றாங்க. நீ வேற ரெண்டு பேரா அனுப்பிட்டே. ஊடு தாங்குமா?"

"அப்ப எல்லாத்தையும் நிறுத்தீர்றனுங்க."

"அதைத்தான் செய்யக் கூடாது. வலிப்பு மாத்திரையை நீயா நிறுத்துனா நெசமாவே வலிப்பு வரும். கெணத்தடியில வந்தா? அடுப்படியில வந்தா? எப்ப, எவ்வளவுன்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் இங்கதான் இருக்கோணும்." பிறகு கேட்டார்: "நெஞ்செரிச்சல் எப்ப வருது?"

"ராத்திரி படுத்தா வருதுங்க."

"எப்ப சாப்பிடுவே?"

"அத்தை தின்னு, ஏனமெல்லாம் கழுவி, ஆட்டுக்குத் தண்ணி காட்டிட்டு, கடைசியா. தின்ன கையோட படுத்துக்குவனுங்க. கோழி கூப்பட எந்திரிக்கோணுமில்லீங்களா."

டாக்டர் ஐயா என்னைப் பார்த்தார். இந்தப் பெண்ணின் நெஞ்செரிச்சலுக்கு அந்த மாத்திரையே தேவைப்பட்டிருக்காது என்பது எனக்கே புரிந்தது.

அப்போது திரையை விலக்கிக்கொண்டு பாவாயி வந்துவிட்டார். மல்லிகா துணியைச் சுருட்டி முடிச்சுக்குள் திணித்தாள். பாதிதான் உள்ளே போயிற்று.

"உங்க மாத்திரை மருமகளுக்கு ஒத்துக்கலம்மா," என்றார் டாக்டர் ஐயா. "ரெண்டு நாள் இங்க இருக்கட்டும்."

"எனக்கு ஒத்துக்கிச்சே! இவளுக்கு எப்படி ஒத்துக்காமப் போவும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை போகும். பொய் சொல்ல டாக்டர் ஐயாவுக்கு வராது.

"அக்கா," என்றேன், "செம்மறி திங்கற எல்லாத் தழையும் வெள்ளாட்டுக்கு ஒத்துக்குதா? வெள்ளாடு திங்கறது செம்மறிக்கு ஒத்துக்குதா? ஒவ்வொரு ஒடம்பு ஒவ்வொரு மாதிரி. மிட்டாய்னு நான் வெளையாட்டுக்குச் சொன்னேன். அதுதான் தப்பு. உங்க மேல தப்பில்ல, மருமவ மேலயும் இல்ல. எம்மேலதான். வையறதுன்னா என்னை வையுங்க."

பாவாயி என்னைப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார். இடுப்பில் பாதி வெளியே தெரிந்த துணியைப் பார்த்தார்.

"மிஷின் மூணு தடவையும் வேற வேற எடை காட்டுதுங்க," என்றார். பதினோரு மணி பஸ் போன சத்தம் கேட்டது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மருமகளின் காலைப் பிடித்துவிடத் தொடங்கினார்.

அன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் ஐயா என்னைக் கூப்பிட்டார். சீட்டைக் கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். "நீங்க சிரிக்க வைக்கறதை நிறுத்திடாதீங்க," என்றார். "பாதிப் பேரு அதுக்காகத்தான் உண்மையச் சொல்றாங்க. ஆனா மாத்திரையக் கையில வச்சுக்கிட்டுச் சிரிக்க வைக்காதீங்க."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அதற்குப் பிறகு நான் ஓய்வு பெறும் வரைக்கும் கையில் கவர் இருந்தால் என் முகம் கல்லாக இருக்கும். "இது உங்களுக்கு மட்டும். ஊட்டுல வேற யாருக்கும் குடுக்காதீங்க. நல்லாயிடுச்சுன்னு பாதியில நீங்களும் நிறுத்தாதீங்க, மிச்சத்தையும் எடுத்து வைக்காதீங்க. வேற என்ன மாத்திரை போடறீங்க? மூட்டு வலிக்கு? மூச்சு இழுப்புக்கு? நாட்டு மருந்து?" கேட்டு முடித்துக் கவரைக் கொடுத்த பிறகுதான் என் பல் வெளியே தெரியும். கூட வந்தவர்களை எடை மிஷினுக்கு அனுப்பியதும் இதற்குத்தான். துணைக்கு ஆள் நிற்கும்போது 'வேற மாத்திரை இல்லீங்க' என்கிறவர்களில் பாதிப் பேர், துணை போன பிறகு முடிச்சை அவிழ்ப்பார்கள். இப்போது நல்ல மிஷின் வந்துவிட்டது, ஒரே தடவையில் சரியான எடை காட்டுகிறது என்கிறீர்கள். அது ஒரு குறைதான். வேறு வழி யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் மல்லிகா நேராக நடந்தாள். ஒரு ஆடு ஒரு ஆடாகத் தெரிந்தது. டாக்டர் ஐயா வலிப்பு மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று எழுதித் தந்தார். எரிச்சலுக்கு ஒரு வெள்ளைத் தண்ணி மருந்து கொடுத்து, "தாங்க முடியலேன்னா மட்டும். அதுவும் இந்த மாத்திரைக்கும் அதுக்கும் நடுவுல ரெண்டு மூணு மணி நேரம் எட்டம் விடோணும்" என்றார். வீட்டில் யாராவது ஒருவருக்காவது விஷயம் தெரிந்திருப்பது நல்லது என்றும் அவளிடம் சொன்னார்.

கிளம்பும்போது பாவாயி என் ஜன்னலுக்கு வந்தார். மருமகள் நாலடி பின்னால் நின்றாள்.

"அந்த முடிச்சைக் கல்யாணமான மாசமே பாத்தனுங்க ஆயாம்மா. என்னமோ ஒளிக்கறான்னு தெரியும். ஊட்டுக்கு வந்த புள்ள, தனக்குன்னு ஒண்ணு வச்சிருக்கட்டும்னு கேக்கல. இப்பவும் என்னன்னு கேக்கல. அதை எப்பப் போடோணும்னு மட்டும் சொல்லுங்க. இவ மறந்தா நான் ஞாபகப்படுத்தோணுமில்லீங்களா."

சொல்லியிருக்கலாம். ஆனால் அது என் முடிச்சு இல்லையே.

"அதை நான் சொல்லக் கூடாதுங்க அக்கா. உங்க மருமவளைக் கேளுங்க."

பாவாயி திரும்பவில்லை. கேட்கவும் இல்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து மல்லிகாவின் குரல் வந்தது.

"பொழுதோட, ராத்திரிச் சோறு தின்ன பொறகு ஒண்ணுங்க அத்தை."

"அப்ப இனி கடைசியாத் திங்க வேண்டாம்," என்றார் பாவாயி, இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு. "எங்கூடவே உக்காந்து தின்னு. தின்னுட்டு ரெண்டு பேருமே ஆட்டுக்குத் தண்ணி காட்டுவோம். எனக்கும் உடனே படுக்கக் கூடாதுன்னுதான் டாக்டரு சொல்லியிருக்காரு."

அதற்கு அடுத்த வாரம் அவர்கள் தெருவிலிருந்து இரண்டு பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நாளில் தலைவலி. அதில் ஒருத்திதான் வாயை மோந்து பார்த்தவள் என்று பார்த்தவுடனே தெரிந்தது, மூக்கு அப்படி. ஜன்னலில் கையை நீட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க ஆயாம்மா, எங்க பாவாயக்கா மருமவளுக்கு என்ன சீக்குங்க? மறுபடியும் வருமுங்களா? எங்க ஊட்டுலயும் சின்னப் புள்ளைக இருக்குதுக, ஒட்டிக்குமுங்களா?"

கையிலிருந்த மாத்திரைக் கவரை மேஜைமேல் வைத்தேன். கை காலியாக இருந்தால்தான் வாய்க்கு உத்தரவு.

"அது ஒண்ணும் இல்லீங்க கண்ணு," என்றேன். "மாமியா வச்ச பாசம் அளவுக்கு எச்சாப் போயி அந்தப் புள்ளைக்குத் தலைக்கேறிப் போச்சு. நீங்க பயப்படாதீங்க. உங்க ஊட்டு மருமவளுகளுக்கெல்லாம் அந்தச் சீக்கு வரவே வராது."